பிரிக்பீல்ட்ஸா, பங்சாரா, தாமான் துன்னா, பழைய பிஜேவா? வீடு தேடும் குடும்பத்துக்கு ஓர் ஒப்பீடு

கணவருக்கு கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் வேலை. மனைவி இடைநிலைப்பள்ளி ஆசிரியை. ஐந்து வயதில் ஒரு மகள், எழுபது தாண்டிய மாமியார். இப்போது பூச்சோங்கில் வாடகை வீடு. "படித்தவர்கள் வாழும் பழைய இடமாக இருக்க வேண்டும், நம்மவர்களும் தமிழ்ப்பள்ளியும் பக்கத்தில் இருக்க வேண்டும், எங்கே வாங்கலாம்?" என்று ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். பெயரும் ஊரும்தான் மாறுகின்றன, இதே கேள்வியோடு இன்னும் சிலரும் எழுதுகிறார்கள். எல்லாருடைய பட்டியலிலும் சுற்றிச் சுற்றி வருவது இந்த நான்கு இடங்கள்தான். பெட்டாலிங் ஜெயா (பிஜே) சிலாங்கூரைச் சேர்ந்தது என்றாலும், கோலாலம்பூரில் வேலை செய்பவர்களுக்கு அது எப்போதும் ஒரே ஊர் மாதிரிதான். அதனால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் தெருவின் வயதைப் பாருங்கள்

வீட்டு விலையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தெருவுக்கு என்ன வயது என்று கேட்பவர் குறைவு. ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, புதிதாகக் கட்டப்படும்போது அங்கே குடிவருபவர்கள் ஏறக்குறைய ஒரே வயதினர். 1975-இல் முப்பது வயதில் கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு இன்று எண்பது வயது. அந்தக் குழந்தைகள் படித்து, சிங்கப்பூருக்கோ மெல்பர்னுக்கோ ஷா ஆலாமுக்கோ போய்விட்டார்கள். நான்கு அறை வீட்டில் இரண்டு பேர், சில வீடுகளில் ஒருவர் மட்டும். நல்ல அண்டை வீட்டார்தான், கதவைத் தட்டினால் உதவி செய்வார்கள். ஆனால் உங்கள் மகள் சைக்கிள் ஓட்ட ஜோடி கிடைக்காது. அடுத்த பத்தாண்டில் அந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கை மாறும். மாறும்போது தெரு எப்படிப் போகும் என்பதுதான் உண்மையான கேள்வி. இளம் குடும்பங்கள் வருமா? மாணவர் விடுதி ஆகுமா? முதியோர் இல்லம், பாலர் பள்ளி, அலுவலகம் என்று மாறுமா?

அதற்கு அடுத்து நான் பார்ப்பவை: வீட்டு கிராண்ட் (நிலப் பத்திரம்) ஃப்ரீஹோல்ட் என்ற நிரந்தர உரிமை நிலமா, குத்தகை நிலமா, பிள்ளைக்குப் பள்ளி எங்கே, வயதானவர் தனியாக நடந்து கோயிலுக்கும் கிளினிக்குக்கும் போக முடியுமா, வாங்கிய பிறகு மாதாமாதம் என்ன போகும்.

மக்கள்தொகை விவரத்தைச் சொந்தமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் 'கவாசான்கு' என்றொரு பக்கம் உண்டு. நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதி வாரியாக வயது, இனம், குடும்பம் பற்றிய 2020 கணக்கெடுப்பு விவரங்கள் அங்கே கிடைக்கும். ஆனால் சராசரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். லெம்பா பந்தாய் தொகுதியில் பங்சார் பங்களாவும் இருக்கிறது, கிரிஞ்சியின் அரசாங்க அடுக்குமாடியும் இருக்கிறது. இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண்ணில் எந்தத் தெருவும் இருக்காது.

பிரிக்பீல்ட்ஸ்

யாப் ஆ லோய் காலத்துச் செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம். பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலைக்கு யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்தார்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் மலையாளிகளும் தெலுங்கர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயிலும், 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமமும் அந்தத் தலைமுறை விட்டுச்சென்றவை. 2014-இல் ஆசிரம நிலத்தில் 23 மாடி கொண்டோ கட்டும் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். 2016-இல் அது பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் ஏறியது. படித்தவர்கள் ஊரில் இருப்பதன் பலன் என்ன என்று கேட்டால் நான் காட்டும் உதாரணம் இதுதான். எதிர்ப்புக் கடிதம் எழுதவும், கூட்டம் கூட்டவும், சட்டம் படித்துப் பார்க்கவும் அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

ஆனால் அந்தப் பிரிக்பீல்ட்ஸ் இன்று பெரும்பாலும் நினைவில்தான் இருக்கிறது. ரயில்வே ஊழியர்களின் 'நூறு குவார்ட்டர்ஸ்' இடிக்கப்பட்டுவிட்டது. 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. 2010-இல் லிட்டில் இந்தியா ஆனது. சொந்த நிலத்தோடு கூடிய தரைவீடுகள் மிகக் குறைவு. வாங்கக் கிடைப்பது அடுக்குமாடிதான். அந்த அடுக்குமாடிகளிலும் கணிசமானவை நாள் வாடகைக்குப் போகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது வாராவாரம் மாறும் மாடியும் உண்டு. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் நிர்வாக அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை வீட்டில் உரிமையாளரே குடியிருக்கிறார்? பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர் எத்தனை பேர்? பழுதுபார்ப்புச் சேமிப்பு நிதிக்குக் கட்டணத்தில் 10 விழுக்காடு சேர வேண்டும். அந்த நிதியில் பணமில்லாத பழைய கட்டடத்தில் லிஃப்ட் நின்றால், நின்றதுதான்.

பிரிக்பீல்ட்ஸ் யாருக்குச் சரி? கார் இல்லாமல் வாழ நினைப்பவர்களுக்கு. மாமியார் காலையில் கோயில், வாழையிலை, பூ, மளிகை எல்லாவற்றையும் நடந்தே முடித்துவிடலாம். விவேகானந்தா தமிழ்ப்பள்ளி அங்கேயே இருக்கிறது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பரதமும் வீணையும் கற்கலாம். சத்தம், நெரிசல், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்குள் கார் நுழையவே முடியாத நிலை, இவை அதற்கான விலை.

பங்சார்

பங்சார் என்ற பெயர் புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியர்களின் பெயர் சேர்ந்து மருவியது. அவர்களின் ரப்பர் தோட்டம் அங்கே இருந்தது. பால் மரம் சீவியவர்கள் நம்மவர்கள். அதே மண்ணில் இன்று ஒரு தமிழ் டாக்டர் வீடு வாங்கினால் எனக்கு மனசுக்குள் ஒரு நிறைவு வரும், மறைக்க மாட்டேன். ஆனால் நிறைவுக்காக வங்கிக் கடன் வாங்க முடியாது.

பங்சார் பார்க், லக்கி கார்டன், புக்கிட் பண்டாராயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி கிடையாது. லக்கி கார்டன் பக்கம் காய்கறிக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. புக்கிட் பண்டாராயா மேட்டில், பெரிய வீடுகள். ஜாலான் தெலாவி ஒட்டிய தெருக்களில் இரவு வெகுநேரம் வரை கார் நிற்கும், சத்தமும் இருக்கும். எங்கும் நிலம் பெரும்பாலும் ஃப்ரீஹோல்ட். இரட்டை மாடி வரிசை வீடு 10 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே கிடைப்பது அரிது, நல்ல நிலையில் இருப்பது அதைவிட நிறையவே போகும்.

மக்கள் கலவை சுவாரசியமானது: ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரிகள், வழக்கறிஞர்கள், டாக்டர்கள், வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டவர்கள். தமிழர் உண்டு, ஆனால் தெருவில் தமிழ் கேட்காது. பல வீடுகளில் ஆங்கிலம்தான் வீட்டு மொழி. ஜாலான் பங்சார் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஆனாலும் மேட்டுப் பங்சார் பிள்ளைகளில் பலர் தனியார் அல்லது அனைத்துலகப் பள்ளிக்குப் போகிறார்கள். உங்கள் மகள் தமிழ்ப்பள்ளிக்குப் போனால், பக்கத்து வீட்டுப் பிள்ளை அவளுடைய வகுப்பில் இருக்க வாய்ப்பு குறைவு.

மறைந்த செலவுகள் மூன்று. முதலாவது, எல்ஆர்டி நகர ரயில் நிலையம். பெயர் பங்சார்தான், ஆனால் பங்சார் பாருவிலிருந்து வெயிலில் நடந்து போகும் தூரமில்லை, திரும்பும்போது ஏற்றம் வேறு. கடைசியில் இரண்டாவது கார் வாங்குவீர்கள். இரண்டாவது, தெருக் காவல். குடியிருப்பாளர் சங்கம் வைத்திருக்கும் காவலுக்கு மாதக் கட்டணம் உண்டு. சட்டப்படி கட்டாயமில்லைதான், ஆனால் கட்டாமல் இருந்தால் தெருவில் முகம் கொடுக்க முடியாது. மூன்றாவது, சுற்றியிருக்கும் வாழ்க்கையின் விலை. பிள்ளையின் பிறந்தநாள் விழாவிலிருந்து டியூஷன் வரை எல்லாமே ஒரு படி மேலே. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

தாமான் துன்

1970களில் தொடங்கிய தாமான். 1973-இல் காலமான துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயிலின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. படித்த நடுத்தர, மேல் நடுத்தரக் குடும்பங்கள், பெரும்பான்மை மலாய்க்காரர்கள், கணிசமான சீனர்கள், நம்மவர் குறைவு. நிலம் பெரும்பாலும் ஃப்ரீஹோல்ட். ஈரச்சந்தை நன்றாக இருக்கும், புக்கிட் கியாரா பக்கம் காலை நடை இன்னும் நன்றாக இருக்கும். 2016 டிசம்பரில் எம்ஆர்டி நகர ரயில் வந்தது. 2017 ஜூலையில் பாதை நீண்ட பிறகு நான்காவது நிறுத்தத்தில் மியூசியம் நெகாரா, அங்கிருந்து நடைபாதையிலேயே கேஎல் சென்ட்ரல். தாமானுக்குள்ளேயே தமிழ்ப்பள்ளி இல்லை. பக்கத்துப் பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது, ஆனால் காரில்தான் போக வேண்டும்.

தாமான் துன்னைப் பற்றிப் பேசும்போது ரிம்பா கியாரா பூங்காவை விட்டுவிட முடியாது. அந்தப் பூங்காவில் அடுக்குமாடிகள் கட்டுவதை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் வரை வென்றார்கள். வாங்குபவருக்கு இது நல்ல செய்தி, பச்சை நிலம் தப்பியது. ஆனால் அதே இடத்தில் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள், 1980களிலிருந்து தற்காலிக நீண்ட வீடுகளில் மாற்று வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். அந்தத் திட்டத்தில் அவர்களுக்கான வீடும் இருந்தது. பூங்காவும் வேண்டும், அவர்களுக்கு வீடும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளியது அநியாயம். அங்கே வீடு வாங்கப்போகும் தமிழ்க் குடும்பம் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய பெட்டாலிங் ஜெயா

எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் இதுதான், பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1952-இல், 1,200 ஏக்கர் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில் தொடங்கிய ஊர். மேலே சொன்ன தமிழ்ப்பள்ளியில் அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊர் வந்த சில ஆண்டுகளில் அசுந்தா மருத்துவமனை வந்தது. 1959-இல் மலாயாப் பல்கலைக்கழகம் பந்தாய் பள்ளத்தாக்குக்கு வந்தது, 1960களின் இறுதியில் பல்கலைக்கழக மருத்துவமனையும் வந்தது. விரிவுரையாளர், ஆசிரியர், தாதியர், அரசாங்க ஊழியர் என்று சம்பளக்காரர்கள் குடியேறினார்கள். பிஜே படித்தவர்களின் ஊரானது இப்படித்தான். பெரும் பணக்காரர்களால் ஆன ஊரில்லை, பேராசிரியரும் கிளார்க்கும் ஒரே வரிசையில் இருந்த ஊர். இன்றும் அந்தச் சாயல் மிச்சமிருக்கிறது.

நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது? ஜாலான் சிலாங்கூர் பிள்ளையார் கோயில், காசிங் மலைச் சிவன் கோயில், விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, பழைய பட்டணத்துச் சந்தை. தாமான் ஜெயா எல்ஆர்டியிலிருந்து ஐந்தாவது நிறுத்தம் கேஎல் சென்ட்ரல். மாதம் 50 வெள்ளிக்கு மை50 என்ற பயண அட்டை போதும்.

இனி கவனிக்க வேண்டியவை. பெரியது கிராண்ட். பிஜேயின் பழைய செக்‌ஷன்களில் நிறைய நிலம் 99 ஆண்டுக் குத்தகை. 1950களின் இறுதியில் கொடுத்தது என்றால் இன்று மீதி முப்பது ஆண்டுதான் இருக்கும். பக்கத்து வரிசை ஃப்ரீஹோல்டாக இருக்கும், இந்த வரிசை குத்தகையாக இருக்கும். விலை மலிவாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மீதி ஆண்டு குறையக் குறைய வங்கி கடனைக் குறைக்கும் அல்லது மறுக்கும். புதுப்பிக்க மாநில அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும், பெயர் மாற்றவும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், அதற்கே மாதங்கள் ஓடும். வாங்கும் முன் வழக்கறிஞரிடம் சொல்லி நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பாருங்கள். முடிவு தேதியையும் 'கட்டுப்பாடு' என்ற வரியையும் நீங்களே படியுங்கள். விற்பவர் ஏற்கெனவே சலுகைத் திட்டத்தில் புதுப்பித்திருந்தால், பாக்கிப் பிரீமியத்தை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது வீட்டின் உடல்நிலை. நாங்கள் வாங்கிய ஒற்றை மாடி வீடு வெளியே நன்றாகத்தான் இருந்தது. குடிவந்த முதல் வாரம் குழாயைத் திறந்தால் துருப்பிடித்த தேநீர் நிறத் தண்ணீர். உள்ளே ஓடிய இரும்புக் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு வயரிங், கூரை மரத்தில் கறையான், அறைகளின் மேல்தட்டு அஸ்பெஸ்டாஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பழுதுபார்க்க நாங்கள் பிடித்த முதல் கான்ட்ராக்டர் முன்பணம் வாங்கிக்கொண்டு பாதி வேலையில் வராமல் போனார். அறுபதாயிரத்தில் முடியும் என்று நினைத்தது ஒரு லட்சத்தைத் தாண்டியது. இந்தப் பணத்துக்கு வீட்டுக் கடன் கிடைக்காது, கையிலிருந்துதான் போகும். அதனால் ஐம்பது, அறுபது வயது வீட்டுக்கு விலையோடு பத்து விழுக்காட்டையாவது தனியாக எடுத்துவையுங்கள்.

மூன்றாவது, நான் முதலில் சொன்ன தெருவின் வயது. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். நாங்கள் வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் இருந்தது மூன்று வீட்டில்தான். இன்று ஏழு. வயதானவர்கள் போன பிறகு சில வீடுகளுக்கு இளம் குடும்பங்கள் வந்தன. ஒன்று முதியோர் இல்லம் ஆனது, இரண்டு மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்குப் போனது. பல்கலைக்கழகத்துக்கு நெருங்க நெருங்க இந்த மாணவர் வாடகை அதிகம், செக்‌ஷன் 17 பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் அரை மணி நேரம் நில்லுங்கள். வாசலில் எத்தனை செருப்பு, எந்த அளவுச் செருப்பு என்று பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் பன்னிரண்டு ஜோடி என்றால் அது அறை வாடகை வீடு. சின்னச் செருப்புகள் தெரிந்தால் உங்கள் மகளுக்குத் தோழி இருக்கிறாள்.

ஒரு பார்வையில்

| | பிரிக்பீல்ட்ஸ் | பங்சார் | தாமான் துன் | பழைய பிஜே |
|---|---|---|---|---|
| கிடைக்கும் வீடு | அடுக்குமாடி | வரிசை வீடு, பங்களா, கொண்டோ | வரிசை வீடு, கொண்டோ | ஒற்றை, இரட்டை மாடி வரிசை வீடு |
| நிலம் | கட்டடத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் ஃப்ரீஹோல்ட் | பெரும்பாலும் ஃப்ரீஹோல்ட் | கலப்பு, வரிசைக்கு வரிசை மாறும் |
| கார் இல்லாமல் | முடியும் | கடினம் | நிலையத்தருகே முடியும் | நிலையத்தருகே முடியும் |
| தமிழ்ச் சூழல் | நிறைவு | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் |
| பயமுறுத்தும் செலவு | பராமரிப்பு நிதிப் பற்றாக்குறை | விலையும் வாழ்க்கைச் செலவும் | விலை | குத்தகைப் புதுப்பிப்பு, பழுதுபார்ப்பு |

எல்லா இடத்துக்கும் பொதுவான கணக்கு ஒன்று. பெயர் மாற்றும் முத்திரை வரி முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2, அடுத்த 5 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 4. ஆக, 10 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 24,000, 15 லட்சத்துக்கு 44,000. கடன் பத்திரத்துக்கு இன்னும் அரை விழுக்காடு. பிடிக்கவில்லை என்று மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு விடுதலை. அதனால் "பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைத்து வாங்காதீர்கள்.

அந்தத் தம்பதிக்கு என் பதில்

மாமியார் தனியாக வெளியே போய் நாலு பேரோடு பேச வேண்டும் என்பதுதான் முதல் தேவை என்றால் பிரிக்பீல்ட்ஸ், அதுவும் உரிமையாளர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும். கையில் கணிசமான முன்பணம் இருந்து, மகளை ஆங்கில வழிப் பள்ளியில்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் பங்சார். அமைதியும் பச்சையும் போதும், தமிழ்ச் சூழலை வாரக் கடைசியில் தேடிப்போவோம் என்றால் தாமான் துன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் மகள், மாமியார், கேஎல் சென்ட்ரல் வேலை, தமிழ்ப்பள்ளி என்று நான்கும் ஒன்றாக இருக்கின்றன. நான்குக்கும் சேர்த்து இடம் கொடுப்பது தாமான் ஜெயா, ஆசியா ஜெயா நிலையங்களை ஒட்டிய பிஜேதான் என்பது என் முடிவு. உடனே வாங்க வேண்டாம். மகள் முதலாம் ஆண்டில் சேர இன்னும் நேரமிருக்கிறது. அந்தத் தெருக்களில் ஏதாவது ஒன்றில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். பூச்சோங் வாடகையைவிட மாதம் சில நூறு வெள்ளி கூடலாம். மாமியார் கோயிலுக்கு நடந்து போகிறாரா, வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறாரா என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். விற்பனைக்கு வரும் வீடுகளை ஏஜெண்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆண்டிதான் உங்களுக்குச் சொல்வார். எங்கள் வீடு எங்களுக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.